தூய்மையும் நிறைவும்: இலையில் எழும் ஒரு கேள்வி

உணவைக் குறித்துச் சமய நூல்கள் எழுப்பிய கேள்வியும் சத்துணவு அறிவியல் எழுப்பும் கேள்வியும் ஒன்றல்ல. எது தூய உணவு, எதை விலக்க வேண்டும், யார் சமைத்ததை உண்ணலாம், எந்த நாளில் உண்ணாதிருக்க வேண்டும் என்பன முதல் வகை. ஓர் உடம்புக்கு ஒரு நாளில் எவையெவை எந்த அளவில் சேர வேண்டும், எது குறைந்தால் எந்த நோய் வரும் என்பன இரண்டாம் வகை. முன்னதைத் தூய்மை பற்றிய விசாரணை என்றும் பின்னதை நிறைவு பற்றிய விசாரணை என்றும் வழங்கலாம். இவ்விரண்டும் ஒன்றையொன்று தொடாமல் தனித்தனியே நடந்துவருவதால், ஆசாரம் தவறாத வீட்டில் சோகை பிடித்த பெண்ணும், சத்துணவுப் பட்டியல் தவறாத கூடத்தில் தன் வீட்டு நெறியால் முட்டையை ஒதுக்கும் குழந்தையும் ஒருங்கே காணப்படுகின்றனர். சமய நெறி வலியுறுத்தும் தூய்மைக்குள் நிறைவும் அடங்குமா, அல்லது அது உடலோடு நின்றுவிடும் தனிக் கவலையா என்பதே இங்கு ஆராயப்படும் கேள்வி.

இக்கேள்வியை எழுப்பத் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தைவிடப் பொருத்தமான நிலம் அரிது. இரு கைகளாகப் பிரிந்த காவிரி அணைத்து நிற்கும் திருவரங்கத்தில், ஆகார நெறி பற்றி வைணவ வேதாந்தம் நுணுகிப் பேசியிருக்கிறது. அங்கிருந்து தென்மேற்கே சுமார் 50 கிலோமீட்டர் தொலைவில், மணப்பாறையைக் கடந்து திண்டுக்கல் செல்லும் சாலையில் இருக்கும் வையம்பட்டிக்குக் காவிரிப் பாசனம் இல்லை. வானம் பார்த்த பூமியான அங்கே, உணவு என்பது ஆண்டின் மழை தந்ததும் தராததுமாகவே நெடுங்காலம் இருந்துவந்தது. ஒரே மாவட்டத்தின் இந்த இரு முனைகளும் உணவைப் பற்றி இருவேறு மொழிகளில் பேசுவன போலத் தோன்றினாலும், ஊன்றிக் கேட்டால் இரண்டும் ஒரே பொருளைத்தான் தேடுகின்றன.

சாந்தோக்கிய உபநிடதத்தின் ஏழாம் பகுதி, சனத்குமாரர் நாரதருக்குச் செய்த உபதேசமாக அமைந்தது. அதன் முடிவில், ஆகாரம் தூய்மையானால் சத்துவம், அதாவது உள்ளம், தூய்மையாகும் என்றும், உள்ளம் தூய்மையானால் துருவ ஸ்மிருதி, அதாவது இடையறாது நிலைத்து நிற்கும் நினைவு, கிடைக்கும் என்றும், அந்நினைவு வாய்த்தவனுக்குக் கட்டுகள் அவிழும் என்றும் ஒரு தொடர் சொல்லப்படுகிறது. இத்தொடரின் முதற்சொல்லாகிய ஆகாரத்துக்குப் பொருள் கொள்வதில்தான் ஆசாரியர்கள் வேறுபட்டனர். சங்கரர் அதனை வாயால் உண்ணும் சோறாகக் கொள்ளாமல், கண், செவி முதலிய பொறிகளின் வழியே உள்ளே கொண்டுவரப்படுவது எதுவோ அது என்று விரித்து, விருப்பு வெறுப்பு மயக்கங்கள் கலவாத அறிவே தூய ஆகாரம் என்றார். இராமாநுசரோ இலையில் பரிமாறப்படும் உணவையே கொண்டார். உடல் பொய்த்தோற்றமன்று, இறைவனுக்கு அது உண்மையான உடைமை என்று கொள்ளும் விசிட்டாத்துவைதத்தில், உண்ணும் சோற்றைத் தத்துவத்திற்கு வெளியே தள்ளிவிட வழியில்லை. இவ்வகையில் இராமாநுசரின் உரை, சோற்றுக்கு வேதாந்தத்திலேயே ஓர் இடம் கொடுத்துவிடுகிறது.

பிரம்ம சூத்திரத்துக்கு எழுதிய ஸ்ரீபாஷ்யத்தின் முதற் சூத்திர உரையில், இடையறா நினைவாகிய பக்தியை அடைவதற்குரிய ஏழு சாதனங்களை முன்னாசிரியர் ஒருவரின் வாக்கியமாக எடுத்துக்காட்டும் இராமாநுசர், அவற்றுள் முதலாவதான விவேகம் என்பதை உடற்றூய்மை என விளக்குகிறார். உணவைக் கெடுக்கும் குற்றங்கள் மூன்று. அவை நீங்கிய உணவால் வரும் தூய்மையே விவேகம். ஜாதி தோஷம் என்பது பொருளின் இயல்பிலேயே உள்ள குற்றம். பூண்டு போன்றவை இவ்வகையில் வைக்கப்பட்டன. ஆச்ரய தோஷம் என்பது உணவு எவரிடமிருந்து வருகிறதோ அவரைப் பற்றி வரும் குற்றம். நிமித்த தோஷம் என்பது இயல்பில் நல்ல பொருளே ஆயினும் எச்சில் பட்டோ, மயிர் விழுந்தோ, வேறு காரணத்தாலோ இடையில் கெட்டுப்போவது. பின்வந்த வேதாந்த தேசிகர், தமிழிலேயே ஆகார நியமம் என்னும் நூலை இயற்றிக் கொள்ளத்தக்கவற்றையும் தள்ளத்தக்கவற்றையும் வகுத்தார். திருவரங்கத்து அக்ரகார வீடுகளில் இன்றளவும் பேசப்படும் ஆசாரத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது.

இம்மூன்று குற்றங்களும் இலையில் இருக்கக்கூடாதவற்றையே சொல்கின்றன; இருக்க வேண்டியவற்றை அவை சொல்லவில்லை. குற்றமற்ற வெறுஞ்சோற்றை உப்பிட்டு மூன்று வேளையும் உண்பவரிடம் இம்மூன்றில் எதையும் காட்ட முடியாது. ஆனால் அவர் உடல் சில மாதங்களில் தளரும் என்பது உறுதி. அப்படியானால் விவேகம் அவருக்கு வாய்த்துவிட்டதா?

இதற்கான விடையைப் புறத்தே தேட வேண்டியதில்லை. அதே சாந்தோக்கியத்தின் ஆறாம் பகுதியில் அது கிடைக்கிறது. அங்கே உத்தாலகர் தம் மகன் சுவேதகேதுவுக்கு, உண்ணப்படுவது எவ்வாறு மனிதனாகிறது என்று விளக்குகிறார். உண்ட அன்னம் மூன்றாகப் பிரிந்து, பருத்த கூறு கழிவாகவும் இடைக்கூறு தசையாகவும் நுண்கூறு மனமாகவும் ஆகிறது. பருகிய நீரின் நுண்கூறு பிராணனாகிறது. தேஜஸ், அதாவது உரையாசிரியர்கள் நெய், எண்ணெய் முதலியனவாகப் பொருள்கொள்ளும் கூறு, எலும்பாகவும் மச்சையாகவும் வாக்காகவும் மாறுகிறது. இதை இக்கால உயிர்வேதியியலாகக் காட்ட முனைவது நேர்மையன்று. ஆனால் உண்பன வகைவகையானவை என்பதும், ஒவ்வொரு வகைக்கும் உடலில் தனிப்பணி உண்டு என்பதும், ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யாது என்பதும் அக்கூற்றில் தெளிவாக உள்ளன. உணவை வகைப்படுத்திப் பார்க்கும் எண்ணம் இந்நாட்டுத் தத்துவத்துக்கு அயலானதன்று.

தந்தையின் சொல் மகனுக்குப் புரியவில்லை. பதினைந்து நாள் உண்ணாதிரு, தண்ணீர் மட்டும் வேண்டிய அளவு குடி என்கிறார் உத்தாலகர். பதினாறாம் நாள் இருக்கு, யஜுர், சாம மந்திரங்களைச் சொல் என்று கேட்டபோது, பன்னிரண்டு ஆண்டுகள் குருவிடம் பயின்ற அந்த இளைஞனுக்கு ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. பெருநெருப்பு அணைந்து மின்மினி அளவான ஒரு கனல் மட்டும் எஞ்சியது போல, பதினாறு கலைகளுள் ஒன்றே அவனிடம் மிச்சம் இருந்தது. உண்டுவிட்டு வா என்கிறார் தந்தை. உண்டு வந்ததும் கேட்டதெல்லாம் சொல்கிறான். ஏழாம் பகுதி நினைவைத் தூய்மையின் பயனாகச் சொல்ல, ஆறாம் பகுதி அந்நினைவு உணவின்றி நில்லாது என்று செய்முறையாகவே காட்டிவிடுகிறது. இரண்டையும் ஒருசேர வைத்துப் படித்தால், நினைவைக் கெடுக்கும் எதுவும் ஆகாரத்தின் குற்றமே. இன்மை எல்லாவற்றினும் முந்திய குற்றம். சங்கரர் வழியில் பொருள் கொண்டாலும் இம்முடிவு மாறுவதில்லை. பட்டினியால் மங்கிய பொறிகள் தெளிந்த அறிவை உள்ளே கொண்டுவர மாட்டா.

இராமாநுசர் காட்டும் ஏழு சாதனங்களிலேயே இதற்கு இன்னொரு சான்றும் இருக்கிறது. அவற்றுள் ஒன்று அநவசாதம். காலமும் இடமும் ஒவ்வாமையாலும் துயர நினைவாலும் மனம் துவண்டுபோகாதிருத்தல் என்பது அதன் பொருள். வலிமையற்றவனால் ஆன்மாவை அடைய முடியாது என்னும் முண்டக உபநிடதக் கருத்து அதற்கு மேற்கோளாகிறது. அங்கே பேசப்படுவது மனவலிமைதான். ஆயினும் மனம் அன்னத்தால் ஆனது என்று ஏற்கெனவே ஒப்புக்கொண்ட மரபுக்கு, அவ்வலிமையைச் சோற்றிலிருந்து பிரிக்க இயலாது.

சத்துவ உணவு என்னும் சொல் இன்று பெரும்பாலும் ஒரு விலக்குப் பட்டியலாகவே வழங்குகிறது. கீதையின் பதினேழாம் அத்தியாயத்தில் உணவின் முக்குணங்களைக் கூறும் மூன்று சுலோகங்களில், ஒரு பொருளின் பெயரும் இல்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. வெங்காயம் அங்கே இல்லை, அரிசியும் இல்லை. ஆயுள், உள்ளத்திண்மை, வலிமை, நோயின்மை, இன்பம், மனநிறைவு ஆகியவற்றை வளர்ப்பதும், சாறும் நெய்ப்பும் உடையதும், உடலில் நின்று பயன் தருவதும் சத்துவ உணவு என்று, அது செய்யும் வேலையைக் கொண்டே இலக்கணம் வகுக்கப்படுகிறது. துன்பமும் நோயும் விளைவிப்பது ராஜசம். சாரம் போனதும், நாற்றமெடுத்ததும், பழையதும் தாமசம். இந்த இலக்கணத்தைக் கையில் வைத்துக்கொண்டு வையம்பட்டிப் பக்கத்து வயல் வரப்பில் காலையில் திறக்கப்படும் தூக்குச்சட்டியைப் பார்க்க வேண்டும்.

அச்சட்டியில் இருப்பது கம்பங்கூழ். உரலில் இடித்துப் புடைத்த கம்பைக் குருணையாக்கி, முந்தின நாள் மாலையில் பானையில் இட்டுக் கிண்டி, ஆறியபின் நீரூற்றி வைத்து, விடியும்போது இலேசாகப் புளித்திருக்கும் அதைக் கையால் கரைத்து, மோரும் கல்லுப்பும் சேர்த்துக் குடிப்பார்கள். கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயம் இரண்டு, மோர்மிளகாய் ஒன்று, வாய்த்தால் கொள்ளுத் துவையல் அல்லது கீரைக் கடைசல். ஆசாரப் பட்டியலை நேரடியாகப் பொருத்தினால் இதற்கு இரட்டைக் குற்றம் ஏறும்: வெங்காயத்தால் ஜாதி தோஷம், இரவு கடந்ததால் பழையது என்னும் குற்றம். ஆனால் வேலையைக் கொண்டு அளந்தால் நிலைமை தலைகீழாகிறது. கம்பில் உள்ள இரும்புச்சத்து, தீட்டிய வெள்ளரிசியில் உள்ளதைப் போல் பல மடங்கு. தானியத்தின் இரும்பை உடல் ஏற்கவொட்டாமல் பிடித்துவைக்கும் ஃபைட்டேட் என்னும் பொருளைப் புளிக்கவைத்தல் குறைக்கிறது. மோர் பால்வகையின் சத்தைத் தருகிறது; கொள்ளு பருப்புவகையின் இடத்தை நிரப்புகிறது. விலக்கப்பட்ட வெங்காயமும் பூண்டும், தானியத்திலும் பருப்பிலும் உள்ள இரும்பும் துத்தநாகமும் உடலுக்குக் கிட்டும் அளவைக் கூட்டுகின்றன என்று மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தார் 2010-இல் ஆய்வகச் சோதனையில் கண்டனர். வெயிலில் நாள் முழுதும் களையெடுப்பவருக்கு வலிமையும் நோயின்மையும் மனநிறைவும் தரும் இக்கூழைத் தாமசம் என்று தள்ளுவது, சுலோகத்தின் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அதன் கருத்தைக் கைவிடுவதாகும். சத்துவம் பொருளின் பெயரில் இல்லை, அது உண்பவரிடத்தில் விளைவிப்பதில் இருக்கிறது என்பதே அச்சுலோகங்களின் நேர்ப்பொருள். விலக்குப் பட்டியல்கள் அதற்குத் துணையே அன்றி அதற்கு மேலானவை அல்ல.

இன்னொரு செய்தியும் இங்கே சொல்லத்தக்கது. மெருகேற்றிய வெள்ளரிசியையே நம்பி வாழ்ந்தோரிடம் காணப்பட்ட பெரிபெரி என்னும் நரம்பும் இதயமும் தளரும் நோயை ஆராய, ராபர்ட் மெக்காரிசன் என்னும் மருத்துவர் 1918-இல் குன்னூரில் ஓர் ஆய்வுக்கூடத்தைத் தொடங்கினார். அதுவே பின்னர் ஐதராபாத்துக்கு மாறித் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்தது. இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவை அப்படியே எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்த அவருடைய சோதனைகளில், முழுக் கோதுமையும் பாலும் பருப்பும் காயும் சேர்ந்த பஞ்சாபியரின் உணவு முதலிடம் பெற, சென்னை மாகாணத்தின் அரிசியுணவு அடித்தளத்தில் நின்றது. குறை அரிசியினுடையது மட்டுமன்று. அரிசியோடு வேறொன்றும் போதிய அளவு சேராததே பெருங்குறை. நெல்லை ஊறவைத்து அவித்து உலர்த்திக் குத்தும் புழுங்கல் முறையில், தவிட்டிலுள்ள தயமின் என்னும் உயிர்ச்சத்து அரிசிக்குள் இறங்கித் தங்குவதால், புழுங்கலரிசி உண்டோர் அந்நோயிலிருந்து பெரிதும் தப்பினர். வெளியில் ஒருமுறை அவிக்கப்பட்டது என்பதால் ஆசாரத்தில் ஒதுக்கப்பட்டதோ அதே புழுங்கலரிசிதான். பச்சரிசியே உண்போர் பருப்பும் காயும் நெய்யும் மோரும் சேர்த்துக்கொள்ள முடிந்த குடும்பத்தினர் ஆதலால், அவ்விலக்கின் விலையை அவர்கள் அதிகம் உணரவில்லை. விலக்கு என்பது கையில் வேறு பொருள் உள்ளவரால் மட்டுமே தீங்கின்றித் தாங்கக்கூடியது.

உணவு வகைகள் என்று இன்று அறிவியல் கூறுவனவற்றை இங்கே சுருக்கமாகச் சொன்னால் போதும். தானியம், பருப்பு, கீரையும் காயும், பழம், பாலும் அதன் விளைவுகளும், கொட்டையும் எண்ணெய்வித்தும், எண்ணெயும் நெய்யும் என்பன அவை. மீன், முட்டை, இறைச்சி ஆகியன பருப்பின் இடத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளலாம். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், நாளொன்றுக்கு 2,000 கிலோ கலோரி தேவைப்படும் ஒருவருக்கு, சமைக்கும் முன் எடையாகத் தானியம் 250 கிராம், பருப்பு 85 கிராம், காயும் கீரையும் 400 கிராம், பழம் 100 கிராம், பால் அல்லது தயிர் 300 மில்லிலிட்டர், கொட்டையும் வித்தும் 35 கிராம், எண்ணெய் 27 கிராம் என்று பரிந்துரைக்கிறது. 2024-இல் வெளியிட்ட நெறிமுறையில், தானியத்திலிருந்து வரும் ஆற்றல் மொத்தத்தில் 45 விழுக்காட்டைத் தாண்டாதிருத்தல் நல்லது என்றும் அது கூறுகிறது. அரிசியின் புரதத்தில் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு. பருப்பில் அது மிகுதி. பருப்பில் குறைவான மெத்தியோனின் அரிசியில் உண்டு. ஆகவே மூன்று பங்கு தானியத்தோடு ஒரு பங்கு பருப்பு சேரும்போது ஒன்றின் குறையை மற்றொன்று தீர்க்கிறது. கோயில்தோறும் வழங்கும் வெண்பொங்கலில் அரிசியும் பாசிப்பருப்பும் கூடி நிற்பதில் இச்சேர்க்கை இயல்பாகவே அமைந்திருக்கிறது.

வையம்பட்டியின் ஒரு சாதாரண வீட்டில் இந்த அளவுகள் எவ்வாறு பொருந்துகின்றன என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்பது பயன் தரும். தமிழ்நாட்டில் பொது வழங்கல் கடையில் 2011 முதல் அரிசி இலவசம். நால்வர் உள்ள குடும்பம் மாதம் 20 கிலோ அரிசி பெற்றால் ஆளுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 166 கிராம் ஆகிறது. மானிய விலையில் வரும் துவரம்பருப்போ அட்டைக்கு மாதம் ஒரு கிலோ. அதை அதே நால்வருக்கும் முப்பது நாளுக்கும் பகிர்ந்தால் ஆளுக்கு நாளொன்றுக்கு 8 கிராம் சொச்சம். 85 கிராம் வேண்டிய இடத்தில் 8 கிராம். மூன்றுக்கு ஒன்றாக இருக்க வேண்டிய விகிதம் இருபதுக்கு ஒன்றாக நிற்கிறது. எஞ்சியதை வெளிக்கடையில் வாங்கக் கூலி போதுமா என்பதே அவ்வீட்டின் ஆகார விசாரணை. பட்டினியைத் துடைத்த அரிசித் திட்டத்தின் அருமையைக் குறைத்துப் பேசுவதற்கில்லை. ஆயினும் கம்பும் சோளமும் கேழ்வரகும் இருந்த இடத்தை வெள்ளரிசி எடுத்துக்கொண்டபோது, வயிறு நிறைந்தும் உடம்பு நிறையாத நிலை மானாவாரி ஊர்களில் வந்து சேர்ந்தது. 100 கிராம் கேழ்வரகில் 350 மில்லிகிராம் அளவில் இருக்கும் சுண்ணாம்புச்சத்து, தீட்டிய அரிசியில் 10 மில்லிகிராம் அளவுக்கு மேல் இல்லை.

திருவரங்கம் நிறைவைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை என்று முடிவுகட்டுவதற்குமுன், அத்திருக்கோயில் மரபு போற்றிவரும் ஒரு செய்தியை நோக்க வேண்டும். ஒருநாள் பெருமாளின் திருமுகம் வாடியிருக்கக் கண்ட இராமாநுசர், முன்னாள் என்ன அமுது செய்விக்கப்பட்டது என்று வினவினார். தயிர்ச்சோற்றோடு நாவற்பழம் படைக்கப்பட்டதாகத் தெரியவந்தது. அச்சேர்க்கை திருமேனிக்கு ஒவ்வவில்லை என்று கொண்டு, கருடவாகன பண்டிதர் என்னும் மருத்துவரைக் கொண்டு கஷாயம் செய்து சமர்ப்பித்ததோடு, அதனை நாள்வழக்கமாகவும் ஏற்படுத்தினார் என்பது மரபு. தன்வந்திரிக்கு அக்கோயிலில் சந்நிதி உண்டு. அங்கிருந்த ஆரோக்கியசாலையைப் பிற்காலத்துக் கருடவாகன பட்டர் புதுப்பித்ததை 1493-ஆம் ஆண்டுக் கல்வெட்டு பதிந்துள்ளது. தயிர்ச்சோறு, நாவற்பழம் இரண்டுமே மடைப்பள்ளித் தூய்மைக்கு உட்பட்டவை. ஜாதியாலோ ஆச்ரயத்தாலோ நிமித்தத்தாலோ குற்றமற்றவை. ஆயினும் அவை ஒத்துக்கொள்ளவில்லை. தூய பொருள்கள் கூடினும் சேர்க்கையில் குறை நேரலாம் என்று ஒப்புக்கொள்ளும் இம்மரபு, மூன்று தோஷங்களுக்கு அப்பாலும் உணவில் ஆராய வேண்டியது உண்டு என்பதைச் சொல்லாமல் சொல்கிறது. திருக்குறளின் மருந்து அதிகாரத்தில் வரும் மாறுபாடில்லாத உணவு என்னும் கருத்துக்குப் பரிமேலழகர் எழுதிய உரையும் இதற்கு அரண் செய்கிறது. உண்பவரின் உடலியல்போடு ஒவ்வாமை, காலத்தோடு ஒவ்வாமை, சுவையாலும் வீரியத்தாலும் உணவுகள் தமக்குள் ஒவ்வாமை என மூன்றாக அவர் அதனைப் பகுத்தார். உண்பவர், காலம், சேர்க்கை என்னும் இம்மூன்று அளவுகோல்களும் பொருளின் குலத்தைக் கேட்கவில்லை.

ஆச்ரய தோஷம் பற்றி மறைக்காமல் பேச வேண்டியுள்ளது. எவரிடமிருந்து வந்த உணவு என்று கேட்பதில் ஓர் அறம் உண்டு. பிறரைச் சுரண்டிச் சேர்த்த செல்வத்தில் சமைத்த சோறு உள்ளத்தைக் கெடுக்கும் என்பது எக்காலத்துக்கும் பொருந்தும். ஆனால் நடைமுறையில் அக்கேள்வி, சமைத்தவர் என்ன சாதி என்பதாகச் சுருங்கி, உடனுண்ணாமையை நிலைநாட்டும் கருவியாயிற்று. இராமாநுசர் வரலாற்றிலேயே அதற்கு மறுப்பு உண்டு. அந்தணர் அல்லாத திருக்கச்சி நம்பிகள் உண்டு மிகுந்ததைத் தாம் உண்ண வேண்டும் என்று அவர் விரும்பி நம்பிகளை அமுதுக்கு அழைத்ததும், இராமாநுசர் வீடு திரும்புமுன் அவர் துணைவியார் நம்பிகளுக்கு உணவிட்டு அனுப்பி, இடத்தைத் துப்புரவாக்கிவிட்டதும், அது கண்டு அவர் உளம் வருந்தியதும் குருபரம்பரை நூல்கள் ஒளிக்காமல் சொல்வன.

ஆச்ரயம் என்னும் சொல்லை உணவு வந்த இடம் என்பதோடு நிறுத்தாமல், உணவு போய்ச்சேராத இடம் எது என்றும் விரித்துக் கேட்டால், அக்குற்றம் தன் வீட்டு அடுக்களையிலேயே இருப்பதைப் பலரும் காண்பர். அனைவருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் அமரும் பெண்ணின் தட்டில், குழம்பில் கிடந்த காயும் பருப்பும் தீர்ந்து, சோறும் தெளிந்த ரசமும் மட்டும் மிஞ்சுவது தமிழ்க் குடும்பங்களில் அன்றாடக் காட்சி. அதைப் பொறுமை என்று போற்றும் வழக்கமும் உண்டு. 2019–21-இல் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களுள் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தசோகை இருக்கிறது. வீட்டில் ஒருத்தி சோகையோடு பரிமாறிய உணவில் நிமித்த தோஷம் எதுவும் இல்லை என்று அவ்வீட்டார் ஆறுதல் கொள்வது, தூய்மை என்னும் சொல்லுக்குச் செய்யும் அநீதி.

விரதம் குறித்தும் இதே அளவுகோல் பொருந்தும். திருவரங்கத்துக்கு வடக்கே, கொள்ளிடத்துக்கு அப்பால் உள்ள சமயபுரத்தில், மாசிக் கடைசி ஞாயிறு தொடங்கி இருபத்தெட்டு நாள் மாரியம்மனே பச்சைப்பட்டினி விரதம் காக்கிறாள். அந்நாட்களில் சமைத்த தளிகை கிடையாது, துள்ளுமாவும் இளநீரும் பானகமும் நீர்மோருமே படைக்கப்படுகின்றன. மக்கள் நோயின்றி வாழத் தாய் பட்டினி கிடக்கிறாள் என்பது அவ்விரதத்தின் பொருள். உண்ணாமை பிறர் உண்பதற்காக ஏற்கப்படும்போது அது தவம். உண்ண இல்லாமல் நேர்வது தவமன்று. இல்லாமையை எளிமை என்றும் சத்துவம் என்றும் அழைக்க எந்த நூலிலும் இடமில்லை.

சத்துணவுத் திட்டத்தை எம்.ஜி.ஆர். 1982 ஜூலை 1-ஆம் நாள் தொடங்கிவைத்தது இதே திருச்சி மாவட்டத்துப் பாப்பாக்குறிச்சியில். காமராசர் காலத்து மதிய உணவின் தொடர்ச்சியாக வந்த அத்திட்டத்தின் பெயரிலேயே, வயிற்றை நிரப்புவது மட்டும் போதாது, சத்து வேண்டும் என்னும் தெளிவு இருந்தது. 1989-இல் முட்டை சேர்க்கப்பட்டது. இருவாரத்துக்கு ஒன்றாகத் தொடங்கிப் பின்னர் பள்ளி நாள்தோறும் ஒன்றாயிற்று. முட்டை உண்ணாத குழந்தைக்கு வாழைப்பழம் தருவது என்று விதி வந்தது. அக்குழந்தையின் வீட்டு நெறியை மதித்த அவ்விதி போற்றத்தக்கதே. சமய நெறி தூய்மையைக் கேட்டது. அரசு அதனை ஏற்றது. ஆனால் நிறைவு இடையில் நழுவிவிட்டது. ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் புரதம் உண்டு. ஒரு வாழைப்பழத்தில் ஒரு கிராம் அளவே. வரிசையில் ஒரே தரையில், ஒரே மாதிரித் தட்டோடு அமர்ந்திருக்கும் இரு பிள்ளைகளுள், நெறி காக்கும் பிள்ளை ஒவ்வொரு நாளும் 5 கிராம் புரதம் குறைவாகப் பெற்று எழுகிறது. சுவேதகேதுவுக்கு மந்திரம் மறந்தது போல, இரும்பும் புரதமும் குறைந்த குழந்தைக்குப் பாடம் மனத்தில் நில்லாது.

இக்குறையைத் தீர்க்கும் பொருள் கோயிலிலேயே இருக்கிறது. புரட்டாசியில் பெருமாள் கோயில்களிலும் நவராத்திரியில் வீடுகளிலும் வழங்கும் கொண்டைக்கடலைச் சுண்டல், உலர்ந்த எடையில் 30 கிராம் அளவுக்கு எடுத்தாலே 6 கிராம் அளவுக்குப் புரதம் தருகிறது. எந்த ஆசாரப் பட்டியலும் அதைத் தள்ளவில்லை. முட்டை உண்ணாத பிள்ளைகளுக்கு வாழைப்பழத்தோடு அதையும் நாள்தோறும் வழங்குவதே முறை. கோயில்களின் அன்னதானத்துக்குப் பொருள் தரும் அன்பர்களும், அரிசி மூட்டைக்குப் பணம் கட்டும்போது, மூன்றுக்கு ஒரு பங்கு பருப்புக்கும் நாளொரு கீரைக்கும் சேர்த்துக் கட்டலாம். வையம்பட்டி வாரச்சந்தையில் கீரைக்கட்டு விற்கும் பெண்ணிடம் அன்றே வாங்கி அன்றே சமைக்கத்தக்க பொருள் அது.